குவாரி செங்குட்டுவனுக்கு ஒரு சுவர்

பக்கத்து வீட்டு பிளஸ்ஸியைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும் என் வீட்டுக்காரர் தோத்தாத்ரி, "உன் பங்கை மறைக்காம எழுது காமு" என்றார். மறைக்க என்ன இருக்கிறது? நடந்த கூத்தில் முக்கால்வாசி அவர் செய்தது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன், நன்றாகப் படிக்கட்டும்.

பிளஸ்ஸிக்கு நாற்பத்தைந்து வயது. செம்பாக்கத்தில் எங்கள் காம்பவுண்டு சுவரை ஒட்டிய வீடு. அஸ்தினாபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். எப்போது பார்த்தாலும் சிரித்த முகம்தான். வகுப்புச் சுவரில் ஒட்டுவதற்கு மாம்பழம், வண்ணத்துப்பூச்சி, குடை பிடித்த தவளை என்று சார்ட் பேப்பரில் வரைந்து தள்ளுவாள். அதெல்லாம் சம்பளத்துக்கு. நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்து காபி குடித்ததும் பின்பக்க பால்கனியில் ஒரு பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அங்கே வரைவதெல்லாம் சினிமா வில்லன்கள். கலர் பென்சிலால்.

வில்லன்கள் என்றால் பளிச்சென்று பேனரில் இருக்கிற மாதிரி இல்லை. முகத்தில் முக்கால் பங்கு இருட்டு. ஒரு கன்னமோ மூக்கு நுனியோ மட்டும்தான் வெளிச்சத்தில் இருக்கும். ஹாஸ்டல் வார்டனாக வந்து பிள்ளைகளைப் பட்டினி போட்ட ஒரு பொம்பளை, ஊசி போட்டே ஆட்களைத் தீர்த்த ஒரு டாக்டர், இப்படி எல்லாரும் அந்த பால்கனிக்கு வந்து போனார்கள். அவள் டப்பாவில் எழுபத்திரண்டு பென்சில் இருக்கிறது. அதில் கறுப்பு மட்டும் கடையில் வாங்கின நீளம் குறையாமல் அப்படியே கிடக்கும்.

"இருட்டு போடறதுக்குக் கறுப்பு வேண்டாமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கறுப்பு போட்டா படம் செத்துடும் மாமி. இருட்டுங்கறது கறுப்பு இல்ல" என்றாள். கருநீலம், நாவல்பழ ஊதா, காபிப்பொடி நிறம், கரும்பச்சை எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக, கையை அழுத்தாமல், பதினைந்து தடவை இருபது தடவை போடுவாளாம். வெளிச்சம் வேண்டிய இடத்தில் பென்சிலே படக்கூடாதாம். அங்கே வெறும் காகிதம்தான். ஒரு நெற்றி முடிய ஒரு வாரம் ஆகும். எனக்கென்றால் ஒரு கோலம் போடுவதற்குள் இடுப்பு விட்டுப்போகிறது.

அவள் தாம்பரத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ஏசுதாசன் ஆபீஸ் உத்தியோகம். அம்மா ரத்தினபாய் சர்ச்சில் பாட்டுக் குழுவில் பாடினவர். வருஷத்துக்கு இரண்டே இரண்டு சினிமா. கிறிஸ்துமஸ் லீவில் ஒன்று, முழுப் பரீட்சை முடிந்ததும் ஒன்று. வில்லன் வந்தால் பிளஸ்ஸி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு விரலிடுக்கு வழியாகப் பார்ப்பாளாம். "ஹீரோவை எல்லாரும் நிம்மதியா பாத்தாங்க. நான் பயந்து பயந்து பாத்தது இவங்களைத்தான் மாமி. அதான் இவங்க முகம் மறக்கவே மாட்டேங்குது" என்பாள். ஞாயிறு பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் வரைந்த முதல் வில்லனை அம்மா பார்த்துவிட்டு, "வீட்டுக்குள்ள பிசாசைக் கூட்டிட்டு வர்றியா?" என்று கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டாராம். அழுதாயா என்று கேட்டேன். "இல்லையே! அடுத்த வாரம் இன்னொருத்தனை வரைஞ்சு கணக்கு புக் அட்டைக்குள்ள ஒளிச்சு வச்சேன்" என்று சிரித்தாள். அவ்வளவு அழுத்தம்.

ஜோனத்தான் பெண் பார்க்க வந்தபோது அந்த அட்டைக்குள்ளிருந்து ஒரு படம் நழுவி அவர் காலடியில் விழுந்ததாம். வீடே வெலவெலத்துப் போயிருக்கிறது. அவர் எடுத்துப் பார்த்துவிட்டு, "இவர் அந்தப் படத்துல நல்லா பண்ணியிருந்தார் இல்ல?" என்றாராம். பிளஸ்ஸி அங்கேயே மனசுக்குள் சரி சொல்லிவிட்டாள். தங்கமான மனிதர். கேளம்பாக்கம் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஆனால் அவரும் ஒரு நிபந்தனை போட்டார். எத்தனை வேண்டுமானாலும் வரைந்துகொள், சுவரில் மட்டும் மாட்டாதே, தண்ணீர் குடிக்க எழுந்தால் திக்கென்று இருக்கிறது என்று.

ஆக, அறுபத்தியொரு வில்லன்களும் கட்டிலுக்கு அடியில் ஃபைலில் படுத்திருந்தார்கள். சொந்தக்காரர்களுக்குப் பரிசாகக் கொடுத்துப் பார்த்தாள். ஐயோ, இதையா, வேறு ஏதாவது பூ, இயற்கைக் காட்சி இருந்தால் கொடேன் என்றார்கள். எனக்கும் ஒன்று கொடுக்க வந்தாள். என் வீட்டில் சுவரே இல்லாத மாதிரி, "மாட்டறதுக்கு இடமில்லையேம்மா" என்று வாய்கூசாமல் பொய் சொன்னேன். வெள்ளிக்கிழமை காலையில் கோலம் போட்டுவிட்டுத் திரும்பினால் அந்த மூஞ்சியிலா முழிப்பது? அவளுக்குப் புரிந்துவிட்டது. படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

பிறகு ஒருநாள் காம்பவுண்டு சுவர் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு சொன்னாள்: "எனக்கு ப்ரைஸ், பேரு எதுவும் வேணாம் மாமி. ஒரே ஒரு ஆள், இது எங்க வீட்ல இருக்கட்டும்னு வாயத் தொறந்து கேட்டா போதும். இத்தனை வருஷத்துல ஒருத்தர் கேக்கலயே." எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இந்த வருஷம் ஒரு வழி பிறந்தது. குரோம்பேட்டையில் ஒரு ஹாலில் படம் வரைகிறவர்கள் சேர்ந்து கண்காட்சி வைக்கிறார்கள், போட்டோ அனுப்பினால் தேர்ந்தெடுப்பார்கள், பார்க்க வருகிறவர்கள் பிடித்த படத்தைக் கேட்டு வாங்கிப் போகலாம் என்று வாட்ஸப்பில் வந்தது. பிளஸ்ஸி நாலு மாதம் உட்கார்ந்து குவாரி செங்குட்டுவனை வரைந்திருந்தாள். ஞாபகம் இருக்கும், மலையைக் குடைந்து விற்கிற வில்லன், ஒரு கண்ணில் பூ விழுந்தவன். அந்தப் படத்தின் போட்டோவைத்தான் அனுப்பினாள். எடுத்துக்கொண்டார்கள்! சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அசல் படத்தைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று பதில். அன்றைக்கு அவள் கொடுத்த கேசரியில் சர்க்கரை இரண்டு பங்கு.

இங்கேதான் எங்கள் வீட்டு விவகாரம் வருகிறது. நாங்கள் மாடி எடுத்துக்கொண்டிருந்தோம். மேஸ்திரி ஏகாம்பரம் ஒரு வாரமாக என்னை நச்சரித்துக்கொண்டிருந்தார். "யம்மா, வூடு மேல ஏறிகினு கீது. போறவன் வர்றவன்லாம் அண்ணாந்து பாக்குறான். திருஷ்டிக்கு ஒரு படம் கட்டணும்மா. வாங்கியாந்து குடு." நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு கோரைப் பல்லோடு இருக்குமே, கட்டுகிற வீட்டுக்கெல்லாம் முகப்பில் மாட்டுவார்களே, அந்தப் பூதப் படம். தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போகும்போது வாங்கிவருகிறேன் என்று என் வீட்டுக்காரர் காது கேட்கத்தான் சொன்னேன். பிளஸ்ஸி படத்தைக் கொடுக்க வேண்டிய நாளுக்கு ஒரு வாரம் முந்தின சனிக்கிழமை மார்க்கெட்டுக்குப் போனேன். பறங்கிக்காய் வாங்கினேன், பெருங்காயம் வாங்கினேன், படத்தை மறந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் பிளஸ்ஸி செய்தித்தாளில் சுற்றிய அட்டையோடு வந்தாள். நாகர்கோவிலில் சித்தி மகள் கல்யாணம், புதன்கிழமைதான் வருவார்களாம். அதற்குள் அவர்கள் வீட்டில் கரையானுக்கு மருந்து அடிக்க ஆள் வருகிறது. "மருந்து பட்டா பேப்பர் போயிடும் மாமி. மத்ததை எல்லாம் ஸ்கூல் பீரோல வச்சிட்டேன். இவன் மட்டும் உங்க கிட்ட இருக்கட்டும்" என்றாள். நான் அதை ஹாலில் சோபாவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன். மறுநாள் காலை நங்கநல்லூரில் அக்காவுக்குக் கண் ஆபரேஷன் என்று கிளம்பிப் போனேன். சோபாவுக்குப் பின்னால் இருப்பது என்ன என்று வீட்டுக்காரரிடம் சொன்னேனா? சொல்லவில்லை. அது என் தப்பு. எழுதிவிட்டேன், திருப்திதானே?

திங்கட்கிழமை ஏகாம்பரம், "சார், படம் இன்னா ஆச்சு?" என்று கேட்டிருக்கிறார். இவர் ஹாலில் தேடியிருக்கிறார். சோபாவுக்குப் பின்னால் அட்டை. பிரித்தால் பயங்கரமாக ஒரு மூஞ்சி. "இதோ, மாமி வாங்கி வெச்சிருக்கா பாரு" என்று எடுத்துக் கொடுத்துவிட்டார். பத்து வருஷமாகப் பக்கத்து வீட்டுப் பெண் என்ன வரைகிறாள் என்று ஒருநாள், ஒரே ஒருநாள், எட்டிப் பார்த்திருந்தால் இந்தப் பேத்தல் நடந்திருக்குமா? பேப்பரில் கிரிக்கெட் பக்கத்தைத் தவிர எதையும் பார்க்காத மனுஷர்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆட்டோவில் வந்து தெருமுனையில் திரும்பினேன். என் வீட்டு வாசலில் பெட்டியும் கையுமாக பிளஸ்ஸி நின்றுகொண்டிருந்தாள். ஜோனத்தான் ரயிலிலிருந்து இறங்கி அப்படியே ஆபீஸ் போய்விட்டார் போலிருக்கிறது. அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். சாரக் கம்பில், முதல் மாடி உயரத்தில், குவாரி செங்குட்டுவன். பாலிதீன் கவர் போட்டு, நாலு மூலையிலும் கட்டுக்கம்பி முறுக்கி, பக்கத்தில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்க, நெற்றியில் சந்தனம் வைத்து அதன் மேல் பெரிய குங்குமப் பொட்டு.

"ஏன்னா! ஏன்னா!" என்று வாசலிலேயே கத்தினேன். அவர் பல் தேய்த்தபடியே வெளியே வந்தார். விஷயம் தெரிந்ததும் பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது.

பிளஸ்ஸி கத்தவில்லை, அழவில்லை. "இறக்கித் தரச் சொல்லுங்க மாமி" என்றாள், அவ்வளவுதான். ஏகாம்பரம் ஏறிப்போய் அவிழ்த்துக் கொடுத்தார். அவள் கவரை விலக்கி நெற்றியைப் பார்த்தாள். படத்தில் நல்ல வெளிச்சம் விழுகிற இடம் அந்த நெற்றிதான். ஒரு வாரம் பென்சிலே படாமல் காப்பாற்றி வைத்த வெறும் காகிதம். கவர் போடுவதற்கு முன்பே அங்கே பார்த்துப் பார்த்து ஈரச் சந்தனத்தைக் குழைத்து அப்பியிருந்தார் மேஸ்திரி. பிளஸ்ஸி படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பத்து வருஷத்தில் அந்தக் கதவை என் முகத்துக்கு நேரே சாத்தினது அதுதான் முதல் தடவை.

இரண்டு நாள் பேசவில்லை. எலுமிச்சம் சாதம் கொண்டுபோனேன், ஜோனத்தான் வாங்கிக்கொண்டு, "கொஞ்சம் டைம் குடுங்க மாமி" என்றார். காம்பவுண்டு சுவரோரம் துணி உலர்த்துகிற சாக்கில் காய்ந்த துணியையே மூன்று முறை உலர்த்தினேன். அவள் திரும்பவில்லை. என் வீட்டுக்காரரை நான் திட்டின திட்டு இங்கே எழுத முடியாது. அவரும் பாவம், தட்டில் போட்டதை வாய் திறக்காமல் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பொறுக்க முடியாமல் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டு எகிறினேன். "நீ கட்டினதுதானே! வா, வந்து அந்தப் பொண்ணு கிட்ட மன்னிப்புக் கேளு!"

"நான் இன்னாமா பண்ணேன்? சார் குடுத்தாரு, கட்னேன்" என்று முனகிக்கொண்டே வந்தார். பிளஸ்ஸி பள்ளிக்கு லீவு போட்டிருந்தாள். கதவைத் திறந்தாள். முகம் வீங்கியிருந்தது. மேசை மேல் செங்குட்டுவன் கிடந்தான்.

ஏகாம்பரம் தலையிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "டீச்சரம்மா, தப்பா நெனச்சிக்காத. நீ போட்டதுன்னு தெரியாது. ஆனா ஒண்ணு சொல்றேன். இருபது வருசமா எத்தினியோ வூட்டுக்கு திருஷ்டிப் படம் கட்டிக்கீறேன். கடைல விக்கிறதெல்லாம் பல்லக் காட்டிகினு நிக்கும். அத்தப் பாத்தா சிரிப்புதான் வரும். இவன் அப்டி இல்ல. சும்மா நம்மளப் பாத்துகினே கீறான்."

பிளஸ்ஸி நிமிர்ந்தாள். "எப்படிப் பாக்கறான்?"

"பாதி மூஞ்சி இருட்டுல கீது. கண்ணே சரியா தெரில. ஆனா நீ எந்தப் பக்கம் போனாலும் அவனுக்குத் தெரியும்னு உனுக்குத் தெரியுது." அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். "மூணு நாளு இந்தத் தெருவு முக்குல ஒருத்தன் குப்ப கொட்லமா! கவரத் தூக்கிகினு வருவான், மேல பாப்பான், அப்டியே ரிட்டன் பூடுவான். நீ வேணா இஸ்திரிக்காரன கேட்டுப் பாரு."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்த முக்குக் குப்பைக்காக நான் போடாத சண்டை இல்லை, எழுதாத மனு இல்லை. பிளஸ்ஸியின் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். குபீரென்று சிரித்துவிட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, மறுபடியும் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "உள்ள வாங்க மாமி, செல்லோ டேப் கொண்டாங்க" என்றாள். அப்பாடா! என் நெஞ்சிலிருந்து ஒரு அம்மிக்கல் இறங்கியது.

வெள்ளி சாயங்காலமும் சனிக்கிழமை காலையும் அதே வேலை. காய்ந்த சந்தனத்தை மெல்லிய பிரஷ்ஷால் துளித்துளியாக உதிர்த்தாள். டேப்பைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிக் கொடுப்பது என் வேலை. அவள் ஒற்றி ஒற்றி எடுப்பாள். ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் சிவப்பு வரும். மாவு மாதிரி பிசைகிற ஒரு ரப்பர் வைத்திருக்கிறாள், அதையும் வைத்து ஒற்றினாள். அழுத்தித் தேய்த்தால் சுற்றியுள்ள கருநீலமும் சேர்ந்து வந்துவிடுமாம். எனக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது. என் வீட்டுக்காரர் இரண்டு தரம் காபி போட்டு எடுத்துவந்தார், அவர் கையால் போட்ட காபியை முதல் தடவையாகக் குறை சொல்லாமல் குடித்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு முக்கால்வாசி போயிருந்தது. துவரம்பருப்பு அளவுக்கு ஒரு மங்கல் சிவப்பு மட்டும் நெற்றி நடுவில் நின்றுவிட்டது. வெள்ளைப் பென்சில் போட்டு மூடிவிடேன் என்றேன். "மூடினா அந்த இடம் சுண்ணாம்பு மாதிரி ஆயிடும். வெளிச்சம் போயிடும். இருக்கட்டும் மாமி, அவன் நெத்தி, அவன் பொட்டு" என்றாள். ஆட்டோ பிடித்து இரண்டு பேரும் குரோம்பேட்டை போனோம். வழி முழுக்க படத்தை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். எதிரே வந்த பைக்குக்காரர்கள் எல்லாம் ஒதுங்கித்தான் போனார்கள்.

ஹாலில் கேஷவ் என்று ஒரு பையன் மாதிரி இருக்கிற மனிதர் படங்களை வாங்கிக்கொண்டிருந்தார். மரியாதையாகத்தான் பேசினார். செல்போனில் பிளஸ்ஸி அனுப்பிய போட்டோவை எடுத்தார், படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"மேடம், செலக்ட் ஆன போட்டோல இந்த ரெட் மார்க் இல்லையே."

நடந்ததை பிளஸ்ஸி சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார், சிரிப்பை அடக்கிக்கொண்டார். பிறகு தலையை ஆட்டினார். "சாரி மேடம். செலக்ட் பண்ணினது எதுவோ அதேதான் வைக்கணும். டேமேஜ் ஆன ஒர்க் எடுக்கக்கூடாதுன்னு ரூல் இருக்கு. ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க."

"டேமேஜா! அது குங்குமம்ப்பா, வியாதியா?" என்று ஆரம்பித்தேன். நாலு மாச உழைப்பு, பத்து பேர் கண்ணில் படட்டுமே, ஓரமாக ஒரு மூலையில் வையேன் என்றெல்லாம் கத்தினேன். ஹாலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிளஸ்ஸி என் முழங்கையைப் பிடித்து, "விடுங்க மாமி. அவர் மேல தப்பில்ல" என்று வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நான்தான் அழுதேன். அவள் என் தோளைத் தட்டிக் கொடுத்துக்கொண்டு வந்தாள், எங்கேயாவது நடக்குமா இது? மனசு தாங்காமல், "என்கிட்ட குடு. நாளைக்கே எங்க ஹால்ல மாட்டறேன்" என்றேன்.

"வேணாம் மாமி. வருத்தத்துல மாட்டுவீங்க. வெள்ளிக்கிழமை காலைல அவன் மூஞ்சில முழிச்சிட்டு என்னைத்தான் திட்டுவீங்க" என்றாள்.

"திட்டுவேன்தான்" என்றேன். வேறு என்ன சொல்வது? இரண்டு பேரும் அழுகையிலேயே சிரித்தோம். ஆனால் வாசலில் இறங்கி உள்ளே போகும்போது அவள் நடையில் தெம்பே இல்லை. கேட்டைச் சாத்தக்கூட மறந்துவிட்டாள். பின்பக்க பால்கனியில் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தப் பலகையைக் காணோம்.

திங்கட்கிழமை ஐந்தரை மணி இருக்கும். கொத்தனார்கள் கை கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். பிளஸ்ஸி அவள் வீட்டுப் பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். ஏகாம்பரம் காம்பவுண்டு சுவரோரம் வந்து நின்று துண்டைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். கூலி சம்பந்தமாக ஏதோ கேட்கப்போகிறார் என்று நான் உஷாரானேன்.

"டீச்சரம்மா. அந்தப் படம் குரோம்பேட்டைல மாட்டிட்டாங்களா?"

"இல்லண்ணா. வேணாம்னுட்டாங்க. பொட்டு இருக்குதாம்."

"பொட்டு இருந்தா இன்னா?" என்று ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு தொண்டையைக் கனைத்தார். "அப்ப ஒண்ணு கேக்கலாமா? கோச்சிக்க மாட்டியே? எம் பொண்ணு தனம் கீதில்ல, வூடு கட்டி பால் காய்ச்சப் போவுது, ரெண்டு ரூமு, ஒரு ஆலு. சாரத்துல கட்னப்ப போட்டோ புட்ச்சி அதுக்கு அனுப்ச்சேன். அன்னிலேர்ந்து கேட்டுகினே கீது. நைனா, அந்த செங்குட்டுவன் நம்ம வூட்டுக்கு வேணும்னு."

பிளஸ்ஸி கையிலிருந்த துணி அப்படியே நின்றது. "திருஷ்டிக்கு வெளிய மாட்டறதுக்கா அண்ணா?"

"வெளியவா? சேச்சே! வெயில்ல வீணா பூடும்மா. உள்ள, ஆல்ல, டிவிக்கு மேல. சுவத்துல எடம் விட்டு வச்சிருக்குது. நானே பூசிக் குடுத்தேன்."

"குழந்தைங்க பயப்படாதா?"

"பயமா! பேரன் அதுக்குப் பேரே வச்சிட்டான். குவாரி மாமா எப்ப வருவாருன்னு டெய்லி போன் போட்டுக் கேக்குறான்."

பிளஸ்ஸி சட்டென்று உள்ளே போனாள். போன வேகத்தில் துணிக்கூடை படியில் கவிழ்ந்தது. வெளியே வரும்போது கையில் படம். ஏகாம்பரம் "இரும்மா இரும்மா" என்று குழாயடிக்கு ஓடினார். சிமெண்ட் போக இரண்டு கையையும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, துண்டால் துடைத்து, விரலை விரித்து நன்றாகக் காய்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வந்தார். சுவருக்கு மேலாக அவள் நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதே. அவர் நாலு அடி நகர்ந்ததும், "ஏம்மா, நாலு மாசம் உசிரைக் குடுத்து வரைஞ்சியே. அப்படியே தூக்கிக் குடுத்துட்டியே?" என்றேன்.

அவள் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏகாம்பரம் படத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, எதிரே வந்த ஸ்கூட்டருக்கு வழிவிட்டு, ஓரமாக நடந்து போய்க்கொண்டிருந்தார்.

"கேட்டாங்க மாமி" என்றாள். "வாயத் தொறந்து கேட்டாங்க."